உளுவை மீன்கள்: ஆழ்பவளத் திட்டும் மும்பைக் கழிச்சேறும்

மீன் என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன வஞ்சிரம், வாவல், சுறா போன்ற பெரிய மீன்களே. சந்தையில் விலை போவதையே மீன் என்று மதிப்பது நம் வழக்கம். விரல் நீளமும் இல்லாத சிறு மீன்களை வலையை உதறும்போது கரையில் எறிந்துவிடுகிறோம். பாடநூல்களிலும் அவற்றிற்கு இரண்டொரு வரிகளுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. ஆயினும், முதுகெலும்புள்ள கடல்வாழ் பிராணிகளுள் மிகுதியான இனங்களைக் கொண்ட கூட்டங்களுள் ஒன்று, இத்தகைய சிறு மீன்களின் கூட்டமே ஆகும். ஆங்கில நூல்களில் ‘கோபி’ என்று வழங்கப்பெறும் இம்மீன்களில் இதுவரை ஏறத்தாழ 2,000 இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. சூரிய ஒளி மங்கி மறையும் ஆழ்பவளத் திட்டுகளிலும் இவை வாழ்கின்றன. தாராவிக்கு அருகிலுள்ள கழிகளின் கருஞ்சேற்றிலும் வாழ்கின்றன. ஒரே கூட்டத்தைச் சேர்ந்த மீன்கள் இவ்வளவு மாறுபட்ட இரு இடங்களில் எவ்வாறு உயிர் வாழ்கின்றன என்பதையும், அதனை அறிவதால் நமக்கு விளையும் பயன் யாது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பெயர் பற்றி ஒரு குறிப்பு

விஞ்ஞானச் செய்திகளைத் தமிழில் தரும்போது முதலில் எதிர்ப்படும் தடை பெயரே ஆகும். ‘கோபி’ என்ற சொல்லை அப்படியே எழுதினால், மும்பையில் வளரும் தமிழ்ப் பிள்ளை அதனைக் காலிபிளவர் என்றே பொருள் கொள்ளும். இந்நகரத்துக் காய்கறிக் கடைகளில் அச்சொல் காய்கறியையே குறிக்கும். புதிய சொல் ஒன்றை ஆக்கிக்கொள்ளவும் தேவையில்லை. தமிழகத்தின் ஆறுகளிலும் ஏரிகளிலும் முகத்துவாரங்களிலும் மணல்மீது வயிறு படியக் கிடக்கும் உளுவை மீனை நாட்டுப்புறத்தார் யாவரும் அறிவர். அந்த உளுவை இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. 1822ஆம் ஆண்டில் கங்கை நதி மீன்களைப் பற்றித் தாம் வெளியிட்ட நூலில் பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன் இதனை விவரித்தார். இன்று இதன் விஞ்ஞானப் பெயர் குளாஸோகோபியஸ் கியூரிஸ் என்பதாகும். ஆகவே, இக்கட்டுரையில் அக்கூட்டம் முழுவதையும் ‘உளுவை இனம்’ என்றே குறிப்பிடுவோம்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் மும்பைக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் முதியோர் உளுவையை அறிவர். அவர்களுடைய பேரக் குழந்தைகள், கோலி மீனவப் பெண்கள் கூடையில் உயிருடன் கொண்டுவந்து விற்கும் ‘நிவ்டி’யை அறிவர். இவ்விரண்டும் நெருங்கிய உறவுடையவை என்பதை இரு சாராரும் அறிந்திருத்தல் அரிது. அவ்வுறவை எடுத்துக்காட்டுவதே ஆசிரியர் இப்பாடத்தைத் தொடங்குவதற்குரிய எளிய வழியாகும்.

உடலமைப்பு

உளுவை இனத்தை அடையாளம் காணச் சில குறிகள் உள்ளன. முதலாவது, வயிற்றுப்புறத்துத் துடுப்புகள் இரண்டும் பெரும்பாலான இனங்களில் ஒன்றாக இணைந்து கிண்ணம் போன்ற உறுப்பாக அமைந்திருக்கும். இக்கிண்ணத்தின் துணையால் மீன் பாறையையோ மணலையோ பற்றிக்கொண்டு நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படாமல் நிற்கிறது. இரண்டாவது, முதுகுத் துடுப்பு பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்திருக்கும். முன்துடுப்பின் முட்கள் வளையக்கூடியவை. மூன்றாவது, பிற மீன்களின் உடலில் செவுள் முதல் வால் வரை செல்லும் பக்கக்கோடு இவற்றின் உடலில் காணப்படுவதில்லை. நீரின் அசைவை உணரும் நுண்ணுறுப்புகள் பெரும்பாலும் தலையிலேயே அமைந்துள்ளன. நான்காவது, பல இனங்களில் காற்றுப்பை இல்லை; இருப்பினும் சிறியதாகவே இருக்கும். ஆகையால் இவை நீரின் நடுவில் மிதந்து திரிவதைவிடத் தரையோடு தரையாகக் கிடப்பதையே விரும்புகின்றன.

இக்குறிகளை ஒருங்கே நோக்கினால், இம்மீன்களின் வாழ்க்கை முறை விளங்கும். இவை அடித்தளத்தில் ஒட்டி வாழப் பிறந்தவை. அடித்தளம் மணலாயினும், பாறையாயினும், பவளமாயினும், சேறாயினும் இவ்வுடல் சிறிய மாறுதல்களோடு அதற்குப் பொருந்திவிடுகிறது. சிறிய உடலுக்கு வேண்டிய உணவும் சிறிது. ஒளிந்துகொள்ள ஒரு விரற்கடைச் சந்து போதும். பெரிய மீன் நுழைய இயலாத இடங்களெல்லாம் இவற்றின் வீடுகளாயின.

ஆழ்பவளத்தில் வாழும் உளுவைகள்

பவளத் திட்டு என்றால் தெளிந்த ஆழமற்ற நீரில் வண்ணமயமாகக் காணப்படும் பரப்பையே நாம் நினைக்கிறோம். மன்னார் வளைகுடாவிலும் இலட்சத்தீவுகளிலும் காணப்படுவது அதுவே. ஆனால் திட்டின் சரிவு அங்கேயே முடிந்துவிடுவதில்லை. ஏறத்தாழ 30 மீட்டரிலிருந்து 150 மீட்டர் வரையுள்ள பகுதியை மங்கொளி மண்டலம் என்பர். அதற்கும் கீழே, சுமார் 130 மீட்டரிலிருந்து 309 மீட்டர் வரையுள்ள பகுதிக்குத் தனி மீன் கூட்டம் ஒன்று உண்டு என்பதைக் கரீபியன் கடலிலுள்ள குராசோ தீவில் ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2018ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டி, அதனை ‘அரிதொளி மண்டலம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர்.

இவ்வாழங்களில் நிலைமைகள் கடுமையானவை. நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 140 மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பில் உள்ளதைப் போல் சுமார் 15 மடங்கு அழுத்தம் உண்டு. சூரிய ஒளியின் சிவப்புக் கதிர்களை மேல்மட்ட நீரே உறிஞ்சிவிடுகிறது. கீழே செல்வது மங்கிய நீல ஒளி மட்டுமே. ஆகவே, நம் கண்ணுக்குச் செந்நிறமாய்த் தோன்றும் மீன் அங்கே இருளோடு இருளாய் மறைந்துவிடும்.

பொழுதுபோக்காக நீரில் மூழ்குவோர்க்கு ஏறத்தாழ 40 மீட்டரே எல்லை. பாறையும் பவளமும் நிறைந்த சரிவில் இழுவலை கிழிந்துபோகும். சந்துகளில் ஒளிந்துள்ள சிறு மீன் தூண்டிலிலும் சிக்குவதில்லை. இம்மூன்று காரணங்களாலும் ஆழ்பவளத்து உளுவைகள் நெடுங்காலம் அறியப்படாமலே இருந்தன. அமெரிக்க நாட்டு ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் குராசோவில் சிறிய மூழ்கு கலம் ஒன்றில் இறங்கி இவற்றைச் சேகரித்தனர். கலத்தின் இயந்திரக் கையில் பொருத்திய குழாயால் மயக்க மருந்தைப் பீய்ச்சி, மயங்கிய மீனை மற்றொரு குழாயால் உறிஞ்சி எடுப்பது அவர்கள் கையாண்ட முறை. இவ்வாறு கிடைத்தவற்றுள் ஒன்றிற்கு 2016ஆம் ஆண்டில் வாரிகஸ் லாசெர்ட்டா என்று பெயரிட்டனர். லாசெர்ட்டா என்பது லத்தீன் மொழியில் பல்லியினத்தைக் குறிக்கும் சொல். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறமும், பெரிய தலையும், வரிசை வரிசையாய் வளைந்த பற்களும் உடைய இம்மீன் 129 முதல் 143 மீட்டர் வரையுள்ள ஆழத்தில் கிடைத்தது.

மற்றொரு மீனின் வரலாறு நாம் சிந்திப்பதற்குரியது. தணலின் நிறம் கொண்டதால் பலாடோகோபியஸ் இன்செண்டியஸ் என்று 2017ஆம் ஆண்டில் பெயரிடப்பட்ட உளுவை அது. அதற்குப் பெயரிட்ட அதே கட்டுரையில், சிங்கமீன் அதனை வேட்டையாடிய செய்தியும் இடம்பெற்றது. சிங்கமீன் நம் இந்து சமுத்திரத்தையும் பசிபிக் சமுத்திரத்தையும் தாயகமாகக் கொண்டது. அட்லாண்டிக் பகுதியில் மனிதரால் நுழைந்த அயல் மீன். விஞ்ஞானம் பெயரிட்டு முடிப்பதற்கு முன்பே ஓர் இனம் அயல் மீனுக்கு இரையாகிக் கொண்டிருந்தது. பெயரிடப்படாத இனம் ஒன்றை இவ்வயல் மீன் உண்பது பதிவு செய்யப்பட்டது அதுவே முதல் முறை. எண்ணி வைக்கப்படாத பொருள் களவு போனால் அதனைக் களவென்று அறிவாரும் இலர்.

நம் நாட்டிலும் கரையிலிருந்து தொலைவில் ஆழ்ந்த பவளத் திட்டு உண்டு. மகாராஷ்டிர மாநிலத்து விஜயதுர்க்கத்திற்கு மேற்கே சுமார் 105 கிலோமீட்டர் தொலைவில் ஆங்கிரியா மேடை என்னும் நீருள் மூழ்கிய பீடபூமி உள்ளது. மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கிரேயின் பெயரால் அது வழங்கப்பெறுகிறது. அதன் உச்சியே ஏறத்தாழ 20 மீட்டர் நீருக்குக் கீழ்தான் உள்ளது. ஓரங்கள் மிகுந்த ஆழத்திற்குச் சரிகின்றன. மும்பையிலுள்ள மாணவர்க்குத் தம் மாநிலத்துக் கடலிலேயே இத்தகைய இடம் இருப்பதை நிலப்படத்தில் குறித்துக் காட்டுதல் நலம்.

குறுகிய ஆயுளும் பெரும் பயனும்

உளுவைகளுள் சில, முதுகெலும்புள்ள பிராணிகள் யாவற்றினும் சிறியவற்றோடு வைத்து எண்ணத்தக்கவை. இந்து சமுத்திரத்துச் சாகோஸ் தீவுகளிலிருந்து 1981ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட டிரிம்மாட்டம் நானஸ் முழு வளர்ச்சி அடைந்தும் ஒரு சென்டிமீட்டர் அளவே உடையது. ஆஸ்திரேலியப் பவளத் திட்டில் வாழும் எவியோட்டா சிஜில்லாட்டா என்னும் உளுவையின் முழு ஆயுள் 59 நாட்களுக்கு மேற்படுவதில்லை என்று 2005ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அந்நாட்களில் முதல் மூன்று வாரங்களை அது திறந்த கடலில் குஞ்சாகக் கழிக்கிறது. எஞ்சியுள்ள காலத்திற்குள் திட்டில் குடியேறி, வளர்ந்து, முட்டையிட்டு, மடிந்தும் விடுகிறது.

இவ்வளவு சிறிய மீனால் யாது பயன் என்று கேட்கலாம். பவளத் திட்டில் பிற மீன்களுக்கு உணவாகும் மீன் பொருளில் ஏறத்தாழ 60 சதவீதம், உளுவைகள் முதலிய மறைந்து வாழும் சிறு மீன்களிடமிருந்தே கிடைக்கிறது என்று 2019ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. எந்த ஒரு நேரத்திலும் திட்டில் காணப்படும் மீன்களின் மொத்த எடையில் இவற்றின் பங்கு மிகச் சிறிது. ஆனால் இவை இடைவிடாமல் பிறந்து, விரைவில் வளர்ந்து, உண்ணப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. பெட்டியிலுள்ள பணம் குறைவாயினும் நாள்தோறும் கைமாறும் தொகை மிகுந்திருக்கும் சிறு கடைக்கு இதனை ஒப்பிடலாம். ஆகையால், எடையை மட்டும் நோக்கி ஓர் உயிரின் மதிப்பை அளத்தல் தவறு என்பது இதனால் பெறப்படும்.

மும்பைச் சேற்றின் உளுவை

இனி நம் அருகிலுள்ள உளுவைக்கு வருவோம். மும்பையைச் சுற்றிலும் மாஹிம் கழி, தாணே கழி முதலிய கழிகள் உள்ளன. இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே நீர்மட்டம் ஏறத்தாழ 5 மீட்டர் வரை வேறுபடும். வற்றத்தின்போது கழியோரங்களில் பரந்த சேற்றுவெளி வெளிப்படுகிறது. அச்சேற்றின் மேல் தலை உயர்த்தி நகர்ந்தும், சில வேளை துள்ளியும் காணப்படும் மீனே கோலி மக்கள் ‘நிவ்டி’ என்றும், குஜராத்தியர் ‘லேவ்டா’ என்றும் வழங்குவது. தமிழில் இதனைச் சேற்று உளுவை எனலாம்.

மும்பைக் கழிகளில் நன்கு அறியப்பட்ட சேற்று உளுவையின் விஞ்ஞானப் பெயர் போலியோஃப்தால்மஸ் துஸ்ஸூமியேரி என்பதாகும். பெயரின் முதற்பகுதி, வெளியே எறியப்பட்டது போன்ற கண்களை உடையது என்று பொருள்படும் கிரேக்கச் சொல். தலையின் உச்சியில் புடைத்து நிற்கும் கண்களைப் பார்த்தவர்க்கு இப்பெயரின் பொருத்தம் எளிதில் விளங்கும். இரண்டாம் பகுதி, ஆசியத் துறைமுகங்களுக்கு வணிகத்தின் பொருட்டு வந்து, செல்லுமிடமெங்கும் பிராணிகளைச் சேகரித்த துஸ்ஸூமியே என்னும் பிரெஞ்சு வணிகரின் நினைவாக இடப்பட்டது. பாரிஸ் நகரத்து வாலன்சியேன் 1837ஆம் ஆண்டில் இம்மீனை விவரித்தபோது, அதற்கு அடிப்படையாக இருந்த மாதிரி பம்பாயிலிருந்து சென்றதாகும். அதாவது, உலகத்து விஞ்ஞான நூல்களில் இம்மீனுக்குப் பிறந்த ஊர் இந்நகரமே.

இவ்வினம் பாரசீக வளைகுடாவிலிருந்து நம் மேற்குக் கரை வரை காணப்படுகிறது. பிச்சாவரம் போன்ற கீழைக் கரைக் கழிகளில் இதன் உறவினமாகிய போலியோஃப்தால்மஸ் போடார்ட்டி வாழ்கிறது. மும்பை மீனின் வாழ்க்கை முறையையும் முட்டையிடும் பருவத்தையும் பற்றி முத்ஸத்தி, பால் ஆகிய இருவர் 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் பம்பாய்ப் பல்கலைக்கழக இதழில் கட்டுரைகள் எழுதியுள்ளனர். 1961ஆம் ஆண்டில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் தொடங்கப்பெற்றதும் இந்நகரத்திலேயே.

இதன் உணவு முறை எளிது. வற்றத்தின்போது ஈரச் சேற்றின் மேற்பரப்பில் பழுப்பு நிறப் படலம் ஒன்று பரவியிருக்கும். அது டயாட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசிகளின் திரள். சேற்று உளுவை தலையை இடமும் வலமும் அசைத்து, கீழ்த்தாடைப் பற்களால் அப்படலத்தைச் சுரண்டி உண்கிறது. வயலில் அரிவாள் வீசும் கையின் அசைவுக்கு இதனை ஒப்பிடலாம். சூரிய ஒளியால் வளர்ந்த பாசி மீனின் தசையாகிறது. மீன் கொக்கு, நாரைகளுக்கும் மனிதர்க்கும் உணவாகிறது. சேறு பயனற்ற பாழ்நிலம் அன்று. விதைப்பாரின்றி விளையும் வயல் எனலாம்.

நீரை விட்டு மூச்சு விடுதல்

மீன் நீரிலுள்ள பிராணவாயுவைச் செவுள்களால் பெறுகிறது என்று படிக்கிறோம். கரைக்கு வந்த மீன் மூச்சு முட்டி இறப்பது ஏன்? காற்றில் பிராணவாயு குறைவு என்பதனால் அன்று. அது நீரிலுள்ளதைவிடக் காற்றில் மிகுதியாகவே உண்டு. செவுளின் மெல்லிய இதழ்கள் நீர் தாங்கி நிற்காதபோது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, உலர்ந்தும் விடுகின்றன. அதனாலேயே மீன் இறக்கிறது.

சேற்று உளுவைகள் இத்தடையை மூன்று வகையால் கடக்கின்றன. செவுள் அறையிலும் வாயிலும் ஈரத்தைத் தேக்கி வைத்துக்கொள்கின்றன. தோலிலும் வாயின் உட்புறத்திலும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களின் வழியே பிராணவாயுவை நேரே பெறுகின்றன. தோல் உலராதிருக்க அடிக்கடி ஈரச் சேற்றில் புரண்டுகொள்கின்றன. கண்ணையும் அவ்வாறே காக்கின்றன. புடைத்த கண்ணைக் குழிக்குள் இழுத்து நனைத்து மீண்டும் வெளியே தள்ளுகின்றன. கண்ணீர்ச் சுரப்பி இல்லாத இம்மீன்களின் கண் சிமிட்டலைப் பற்றி 2023ஆம் ஆண்டில் விரிவான ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. நிலத்தில் நகர, மார்புத் துடுப்புகளை ஊன்றுகோல் போல் முன்னே ஊன்றி உடலை இழுத்துக்கொள்கின்றன.

நீரைவிட்டு நிலமேறிய ஆதி மீன்களின் நேர் வழித்தோன்றல்கள் இவை என்று மாணவர் தவறாக எண்ணிவிடக் கூடாது. நான்கு கால் பிராணிகளின் மூதாதையர் வேறு மீன் கிளையைச் சேர்ந்தவர்கள். சேற்று உளுவைகள் பிற்காலத்தில் தனியே நிலமேறக் கற்றவை. ஒரே இடர்ப்பாட்டிற்கு இயற்கை இருமுறை வழி கண்டது என்பதே இதன் பாடமாகும்.

முட்டையும் காற்றறையும்

சேற்றின் மேற்பரப்பில் காற்று உண்டு, உள்ளே இல்லை. ஒரு குச்சியைச் செருகி எடுத்தால் மேலே பழுப்பும் கீழே கருப்புமாய்க் காணலாம். கருப்புப் பகுதியில் பிராணவாயு அற்றுப்போய், அது இன்றி வாழும் நுண்ணுயிர்கள் கந்தக வாயுவை உண்டாக்குகின்றன. கழியோரத்தில் வீசும் அழுகிய முட்டை நாற்றத்தில் ஒரு பகுதி இதனால் விளைவதே. மாசில்லாத கழிகளிலும் இது உண்டு. நகரத்துச் சாக்கடையால் விளையும் நாற்றம் வேறு. இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

இத்தகைய சேற்றில் வளை தோண்டி முட்டையிடும் மீன், முட்டைக்குப் பிராணவாயுவை எங்ஙனம் அளிக்கிறது? ஜப்பானில் வாழும் பெரியோஃப்தால்மஸ் மாடஸ்டஸ் என்னும் சேற்று உளுவையை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் இதற்கு விடை கூறினர். அதன் வளை நேரே கீழிறங்கி, அடியில் வளைந்து, மேல்நோக்கிய அறையாய் முடிகிறது. ஆண்மீன் வெளியே வந்து வாய் நிறையக் காற்றைக் கவ்விச் சென்று அவ்வறையில் விடுகிறது. பலமுறை இவ்வாறு செய்ய, அறையில் காற்று நிறைகிறது. முட்டைகள் அறையின் கூரையில் ஒட்டிக்கொண்டு காற்றிலேயே வளர்கின்றன. குஞ்சு வெளிவரும் பருவத்தில், ஏற்றம் வந்த இரவில், ஆண்மீன் அக்காற்றை வாய் வாயாகக் கவ்வி வெளியே கொண்டுபோய் விடுகிறது. அறையில் நீர் ஏறுகிறது. முட்டை நனைந்தவுடன் குஞ்சு பொரிந்து நீரோடு வெளியேறுகிறது.

இதனை வகுப்பிலேயே விளக்கிக் காட்டலாம். ஒரு கண்ணாடித் தம்ளரின் அடியில் காகிதத்தைச் சுருட்டி இறுக வையுங்கள். தம்ளரைத் தலைகீழாகப் பிடித்து, வாளி நீரில் நேராக அமிழ்த்துங்கள். வெளியே எடுத்துப் பார்த்தால் காகிதம் நனைந்திராது. இதுவே முட்டை அறை. மீண்டும் அமிழ்த்தித் தம்ளரைச் சற்றே சாய்த்தால் குமிழிகள் வெளியேறி, நீர் புகுந்து, காகிதம் நனையும். இதுவே குஞ்சு பொரிக்கும் இரவு. செலவில்லாத இச்சோதனை, காற்றுக்கும் இடம் வேண்டும் என்ற பௌதிகப் பாடத்திற்கும் உதவும்.

கழிகளின் நிலை

மாஹிம் கழியில் வந்து சேர்வது மித்தி ஆறு. விகார், போவாய் ஏரிகளின் உபரி நீரைக் கொண்டு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தூரம் ஓடும் இவ்வாறு, வழியெங்கும் சாக்கடை நீரையும் தொழிற்சாலைக் கழிவையும் குப்பையையும் ஏற்று வருகிறது. இதன் கரையோரச் சதுப்பு நிலங்களில் பெரும்பகுதி மண் கொட்டி நிரப்பப்பட்டுக் கட்டடங்களாக மாறியது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று சான்டாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, மித்திக் கரையெங்கும் வெள்ளம் புகுந்தபோது, நீர் பரவி நிற்க இடமில்லாமற் போனதன் விளைவை நகரம் உணர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மகாராஷ்டிரத்தில் அலையாத்தி மரங்களை அழிப்பதற்கு மும்பை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் இறுதித் தீர்ப்பும் வழங்கிற்று. தாணே கழியின் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டில் பூநாரைச் சரணாலயமாகவும், 2022ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

பூநாரையைக் காண மக்கள் திரண்டு வருகின்றனர், அது நன்றே. ஆனால் பூநாரையையும் சேற்று உளுவையையும் தாங்குவது ஒரே சேறுதான். பறவை பிற இடம் தேடிப் பறக்கும். வளையில் முட்டையைக் காக்கும் மீனுக்கு அது இயலாது. ஒரு லாரி மண் விழுந்தால் வளையும் முட்டையும் அதனடியிலேயே முடிந்துபோகும்.

உணவு பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். நிவ்டி கோலி மக்களின் பழைய உணவு. அவர்களுள் பலர்க்கு அதுவே பிழைப்பு. ஆகவே, அது கெட்ட மீன் என்று பொதுப்படக் கூறுதல் அறியாமை. எனினும், ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் கழிவுநீரோடு வந்து சேற்றில் படியும் தன்மையுடையவை. சேற்றையே சுரண்டி உண்ணும் மீனின் உடலில் அவை சேரக்கூடும். சமைப்பதால் அவை நீங்கமாட்டா. கழிவுநீர்க் கால்வாய் விழும் இடத்தருகே பிடித்த மீனை உண்ணாதிருத்தல் நலம். நோய் மீனால் வந்ததன்று, கழிவால் வந்தது என்பதை இதனோடு சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.

ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும்

தாராவிக்கும் மாஹிம் கழிக்கும் இடையே, முன்பு நகரக் குப்பை கொட்டிய நிலத்தில் மரங்கள் வளர்த்து உருவாக்கிய மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா 1994ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தாராவி, மாட்டுங்கா பள்ளிகளுக்கு அது அருகில் உள்ளது. செம்பூர்ப் பகுதியினர்க்குத் தாணே கழியின் கரை அண்மையது. களப் பயிற்சிக்குக் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்.

முதலாவது, ஓத அட்டவணையைப் பார்த்து வற்றத்திற்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் செல்லுக. வற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்தி வரும். இரண்டாவது, கரையிலிருந்தோ பாலத்திலிருந்தோ மட்டுமே நோக்குக. சேற்றில் இறங்குதல் கூடாது. கால் புதையும், கண்ணாடித் துண்டும் நோய்க் கிருமியும் உண்டு. அலையாத்திக் காட்டில் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். மூன்றாவது, ஒரு மீனைத் தெரிந்துகொண்டு, பத்து நிமிடத்தில் அது எத்தனை முறை சேற்றில் புரள்கிறது, எத்தனை முறை கண்ணை உள்ளிழுக்கிறது, எத்தனை முறை மற்றொரு மீனை விரட்டுகிறது என்று குறித்துக்கொள்க. வெயில் நாளிலும் மேகமூட்ட நாளிலும் எடுத்த எண்களை ஒப்பிடுக. நான்காவது, ஒரே இடத்தில் நின்று, கண்ணுக்கெட்டிய குறிப்பிட்ட பரப்பிலுள்ள மீன்களை மாதந்தோறும் எண்ணி, நாள், நேரம், ஓத நிலை ஆகியவற்றோடு ஏட்டில் எழுதி வைக்க. மீனைப் பிடித்து வருதல் தேவையன்று.

நான்காவதாகக் கூறிய ஏடு சிறு முயற்சியாகத் தோன்றலாம். ஆனால் பத்தாண்டுகளுக்குப் பின் அக்கழியை நிரப்பலாமா என்ற கேள்வி எழும்போது, அங்கே என்ன இருந்தது என்று கூற வேறு சான்று இல்லாமலும் போகலாம். ஆழ்பவளத்தின் தணல்நிற உளுவைக்குப் பெயர் கிடைத்ததே மூழ்கு கலத்தில் சென்று பார்த்ததனால்தான். நம் உளுவையைக் காண மூழ்கு கலம் வேண்டியதில்லை. வற்ற நேரத்தில் கரையில் நிற்கும் பொறுமை போதும். தம் வீட்டருகே நாற்றமடிக்கும் சாக்கடை மட்டுமே உள்ளது என்று கேட்டு வளரும் குழந்தை, அங்கே தன் முட்டைக்கு வாயால் காற்றைச் சுமக்கும் இனத்தைச் சேர்ந்த மீன் ஒன்று வாழ்கிறது என்பதையும் அறிந்து வளர்தல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. உளுவை இனத்தின் நான்கு அடையாளக் குறிகளைக் கூறுக. அவற்றுள் எது அடித்தள வாழ்க்கைக்கு மிகவும் உதவுகிறது? ஏன்?

2. காற்றில் பிராணவாயு மிகுந்திருந்தும் சாதாரண மீன் கரையில் இறப்பது ஏன்? சேற்று உளுவை இறவாதிருப்பது எங்ஙனம்?

3. ஆழ்கடலில் சிவப்பு நிற மீன் மறைந்து வாழ முடிவதன் காரணம் யாது?

4. மொத்த எடையில் சிறிதாயுள்ள மீன்கள், உணவளிப்பதில் பெரும்பங்கு வகிப்பது எவ்வாறு? உம் தெருவிலிருந்து ஓர் உவமை காட்டுக.

5. உம் பாட்டனாரிடமோ பாட்டியாரிடமோ உளுவை மீனைப் பற்றிக் கேட்டு, அவர் சொன்னவற்றை அவருடைய சொற்களிலேயே எழுதுக. அதற்கும் நிவ்டிக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளைக் குறிப்பிடுக.